வெள்ளிக்கிழமை முகம்

அந்த நாட்களில் என் கணவர் ஏதாவது பகிடி சொல்லிச் சிரித்தால், அவர் சிரித்து முடித்து அடுத்த கதைக்குப் போன பிறகுதான் அந்தச் சிரிப்பு என்னிடம் வந்து சேரும். காதில் அவர் அறைக்காரன் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். கண்ணில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். சில வேளை வாய் பாதி திறந்தபடி முகம் அப்படியே நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் என் அம்மா பதறிப்போய், "என்னகா மருமகனுக்கு? மூச்சு இரிக்கா பார்" என்பார்.

கத்தாரில் வெள்ளிக்கிழமை லீவு. அன்று பின்னேரம் அறைக்காரர்கள் சேர்ந்து வாங்கிய கணினியின் கேமராவுக்கு முன்னால் அவர் வந்து உட்காருவார். இங்கே நானும் அம்மாவும் மகளும் குளித்து, பவுடர் பூசி, கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி எங்கள் கணினி மேசைக்கு முன்னால் கதிரைகளை இழுத்துப் போட்டுக் காத்திருப்போம். மகள் அவர் போன பிறகு பிறந்தவள். அவளை அவர் ஒருநாளும் கையில் தூக்கியதில்லை. அவள் நடக்கத் தொடங்கிய கிழமை, "நடந்து காட்டு மகள்" என்று அங்கிருந்து கெஞ்சினார். அவள் மேசையடியிலிருந்து கதவு வரைக்கும் தத்தித் தத்திப் போனாள். அவருக்குத் தெரிந்தது மேசையடியில் நிற்கும் ஒரு பிள்ளையும், பிறகு கதவடியில் நிற்கும் ஒரு பிள்ளையும்தான். நடுவில் அவள் நடந்ததை அவர் காணவில்லை.

"பரவாயில்ல, போய்ச் சேர்ந்திட்டாள்தானே" என்றார். அன்று நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

அழுகையோடு சேர்த்து எனக்குப் பொல்லாத கோபமும் வந்தது. ஏனென்றால் கணினி திருத்துவதுதான் என் தொழில். மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் ஒரு சின்னக் கடையில் வேலை. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள், படிப்பிக்கிறவர்கள், படம் பிடிக்கிற கடைக்காரர்கள் என்று எல்லோருடைய கணினியும் என் மேசைக்கு வந்து குணமாகிப் போகும். பெண்பிள்ளை ஸ்குரூ ட்ரைவர் பிடிப்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள்கூட, கணினி படுத்துவிட்டால் என்னைத்தான் தேடி வந்தார்கள். ஊரார் கணினியெல்லாம் பறக்க, என் வீட்டுக் கணினி மட்டும் சண்டி மாடு மாதிரி படுத்துக்கிடந்தது.

அது சும்மா கிடைத்த கணினி. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு எங்கள் பக்கம் வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனம் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போகும்போது, அங்கே கொஞ்ச நாள் வேலை செய்த எனக்குத் தந்துவிட்டுப் போனது. நாங்கள் நாவலடி ஆட்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் எங்கள் வீடு. ஒரு காலையில் கடல் வாவியைப் பார்க்கப் போனது. போகிற வழியில் வீட்டையும் அப்பாவையும் கொண்டு போய்விட்டது. அப்பா கிடைக்கவில்லை. அதை எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

வீட்டைப் பற்றிச் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பெண் பிள்ளை பிறந்தால் அன்றிலிருந்தே அவளுக்கு வீடு கட்டுகிற கவலை தகப்பனுக்குப் பிடித்துவிடும். நாவலடி வீடு அம்மாவுடையது, பிறகு என்னுடையது. கடல் அதைக் கொண்டுபோன பின், புதுக் காணியில் வீடு தருகிறோம் என்று வந்தவர்கள், குடும்பத்துக்குத் தலைவர் யார் என்று கேட்டு, என் கணவருடைய பேரில் எழுதப் பார்த்தார்கள். மனிசனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மனிசிட வீடு கடலோட போக, தன்ட பேருக்கு வீடு எடுத்தவன் எண்டு ஊர் சொல்லும்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் எவ்வளவோ சண்டை பிடித்தேன். என் வயிற்றில் பிள்ளை இருந்தது. "பொம்புளப் புள்ளையா இருந்தா அவளுக்கும் சேர்த்து நானே எழுப்புறன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். நாங்கள் வாவிக்கரையோரம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம்.

கத்தாரில் ஸ்டோர் கீப்பர் வேலை என்று சொன்னார். ஏசி போட்ட ஸ்டோர், கதிரை மேசை, நல்ல சாப்பாடு. படத்தில் அவருக்குப் பின்னால் பூப்போட்ட திரைச்சீலை மாதிரி ஏதோ மங்கலாகத் தெரியும். நல்ல அறை என்று நாங்கள் நினைத்தோம்.

படம் நின்று நின்று வருவதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். லைன் சரியில்லை என்றார்கள். ஆமிக்காரர் ஏதோ மெஷின் வைத்து மறிக்கிறார்கள் என்றார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஷெல் அடிக்கத் தொடங்கிய காலம் அது. எதற்கும் யுத்தத்தின் தலையில் பழியைப் போடலாம். ஆனால் எனக்குத் தெரியும். அவர் முகம் உறைகிற நேரமெல்லாம் கணினிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும், உள்ளே ஹார்ட் டிஸ்க் எலி கொறிப்பது போல கரகரக்கும். அதற்கு ஒரே அர்த்தம்தான். ரேம் போதாது. வெட்டுகிற பலகை சின்னதாக இருந்தால், வெங்காயத்தை வைக்க மீனைத் தூக்கிக் கீழே வைக்க வேண்டும், மீனை வைக்க வெங்காயத்தைத் தூக்க வேண்டும். கணினி அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அந்த மதர்போர்டில் திரைக்குத் தனியாக நினைவகம் கிடையாது. இருக்கிற கொஞ்ச ரேமிலும் ஒரு பங்கைப் படம் காட்டுவதற்கென்று எடுத்துக்கொள்ளும்.

காத்தான்குடியில் கணினிப் பாகங்கள் விற்கிற முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் காக்கா என்போம், கொழும்புக்குப் போய் வருவார். அவரிடம் இரண்டு ரேம் காட் வேண்டும் என்றேன். சும்மா இரண்டு அல்ல; ஒரே கொம்பனி, ஒரே அளவு, ஒரே வேகம், உள்ளே சிப் கூட ஒரே மாதிரி. சோடியாகப் போட்டால் அந்தப் போர்ட் இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் இழுக்கும். படம் காட்டுகிற வேலைக்கு அது பெரிய உதவி.

"என்ன தங்கச்சி, ரேம் கேக்கிறியா, மாப்புள பாக்கச் சொல்றியா?" என்று காக்கா சிரித்தார்.

"மாப்புளயப் பாக்கத்தான் காக்கா கேக்கிறன்" என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ரோட்டில் செக் பொயின்ட் தோறும் பயணப்பையைக் கொட்டிக் காட்டி, அந்தச் சோடியைக் கொண்டுவந்து சேர்த்தார்.

சரஸ்வதி பூசையன்று அவை என் கைக்கு வந்தன. பழைய ரேம் காட்டைக் கழற்றி, ஒரே நிறத்து ஸ்லொட் இரண்டில் புதிய சோடியை வைத்து, இரண்டு பக்கக் கொக்கியும் தானாக நிமிர்ந்து 'டக்' என்று பிடிக்கும்வரை பெருவிரலால் அமத்தினேன். மூடியைப் பூட்டாமல் குளிக்கப் போனேன். வந்து சுவிட்சைப் போட்டால் கணினி எழும்பவில்லை. பீப், பீப் என்று விடாமல் கத்தியது.

டோர்ச் அடித்துப் பார்த்தேன். ரேம் காட் இரண்டிலும் வடிவாகச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தது. ஃபேனுக்கும் ஒரு பொட்டு. சந்தனம் ஈரத்தோடு வழிந்து ஸ்லொட்டுக்குள் இறங்கியிருந்தது. ஒரு செவ்வரத்தம்பூ இதழும் கிடந்தது.

"அம்மா!" என்று நான் போட்ட சத்தம் வாவிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"என்னகா கத்துறாய்? புத்தகத்துக்கு வெச்சம், தையல் மெஷினுக்கு வெச்சம். மருமகன் இதுக்குள்ளாலதானே வாறார், அதுக்கு வெக்காம விடுறதா?"

வெளிப்பொட்டு வைத்திருந்தால் பரவாயில்லை. மூடி திறந்திருந்ததால் அம்மா மூலஸ்தானத்துக்குள்ளேயே போய்விட்டார். காட்டுகளைக் கழற்றி, பொன்னிறப் பல் வரிசையைப் பள்ளிக்கூடத்து அழிறப்பரால் மெல்லத் தேய்த்தேன். சந்தனம் அழிறப்பரில் ஒட்டி வாசம் கிளம்பியது. ஸ்லொட்டை உலர்ந்த தூரிகையால் துடைத்தேன். ஒரு நாள் முழுக்க ஈரம் காயவிட்டு மறுகாப் போட்டேன். எழும்பியது. அம்மா தன் பூசைதான் பலித்தது என்று இன்றைக்கும் சொல்வார்.

காட்டைப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது போதாது. கணினி விழித்ததும் முதலில் வருகிற அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தேன். போர்ட் அந்தச் சோடியை அதற்குரிய வேகத்தில் ஓட்டாமல், பயந்த சாரதி மாதிரிக் குறைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. வேகத்தைக் கையால் கூட்டினேன். ஒரு விஷயத்தைக் கேட்டால் ரேம் எத்தனை தாளம் பொறுத்துத் தர வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் இறுக்கினேன். பேராசை. நீலத் திரை வந்து விழுந்தது. பட்டரியைக் கழற்றி எல்லாவற்றையும் மறக்கச் செய்து, திரும்பத் தொடங்கி, ஒரு படி தளர்த்தினேன். ரேமைச் சோதிக்கிற புரோகிராமை ஓடவிட்டால் பாதியில் கரண்ட் போகும். வந்ததும் திரும்ப ஓடவிடுவேன். கடைசியில் பிழை ஒன்றும் இல்லாமல் ஓடி முடிந்தது. திரைக்கென்று ஒதுக்குகிற பங்கையும் தாராளமாகக் கூட்டினேன். சிவப்பு விளக்கு எப்போதாவது ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு அடங்கியிருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கலியாணம் முடித்த நாளுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமைக்காக நான் அப்படி ஏங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். மகளைத் தூக்கி நடுவில் விட்டேன். அவள் ஓடினாள், குதித்தாள், சுற்றினாள், விழுந்து எழும்பினாள். அவர் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, "முழுக்கக் கண்டன்" என்றார்.

நானும் முழுக்கக் கண்டேன்.

அவருடைய கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூக்கிலும் நெற்றியிலும் தோல் வெயிலில் வெந்து உரிந்திருந்தது. புருவத்துக்கு மேல் தையல் போட்ட காயம் ஒன்று. அதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. தலைமயிரில் சீமெந்துத் தூள். பின்னால் தொங்கியது திரைச்சீலை அல்ல, கட்டிலில் விரிக்கிற பூப்போட்ட துணி. அது ஒரு பக்கம் சரிந்து, அந்தப் பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புக் கட்டில்கள் தெரிந்தன. மேல் கட்டிலிலிருந்து யாரோ ஒருவருடைய கால் தொங்கியது. ஏசி ஸ்டோரில் கதிரையில் இருக்கிறவனுக்கு இந்த முகம் எப்படி வரும்?

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஸ்டோருக்குள்ள அவ்வளவு வெயிலா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திடுக்கிட்டு, "என்ன, வடிவாத் தெரியுதா?" என்றார்.

"எல்லாம் தெரியுது. புது ரேம் போட்டிரிக்கன்."

அவர் கை முகத்துக்குப் போனது. பின்னால் திரும்பிப் பார்த்தார். துணியை இழுத்துச் சரி செய்தார். நான் அவரைப் பார்க்க ஏங்கியதெல்லாம் ஒரு நொடியில் கசந்தது. அவரும் பார்க்கப்படுவதற்கு ஏங்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை குரல் மட்டும் வந்தது. கேமரா பழுது என்றார். அதற்கடுத்த வெள்ளியும் பழுது. கேமரா எப்படிப் பழுதாகும், எப்படிச் சரி செய்யலாம் என்பதெல்லாம் என்னிடமா சொல்ல வேண்டும்? வயரைக் கழற்றிப் போடுங்க, அதைப் பாருங்க, இதைப் பாருங்க என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். ஒன்றும் செய்யவில்லை. அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முன்னால் அவர் பேரும் ஒரு சாம்பல் நிறச் சதுரமும் இருந்தன. மகள் அந்தச் சதுரத்தின் பின்னால் போய், மேசைக்கும் சுவருக்கும் நடுவில் எட்டிப் பார்ப்பாள்.

அது மோசமான காலம். படுவான்கரையிலிருந்து சனங்கள் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து வந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்திருந்தார்கள். ஷெல் சத்தத்தில் யன்னல் அதிரும். பொழுது இறங்கினால் வெளியே போக முடியாது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "வீடும் வேணாம் ஒண்டும் வேணாம், நீங்க வந்திருங்க" என்று கத்தினேன்.

"புள்ளைக்கு வீடு எழுப்பாம நான் எந்த முகத்தோட வாறது?" என்றார்.

"இரிக்கிற முகத்தோட வாங்க."

அந்தச் சாம்பல் சதுரத்தைப் பார்த்துக்கொண்டே நான் இருந்தேன். கடல் கொண்டுபோனவரின் முகம் எனக்கு இனி இல்லை. இருக்கிறவரின் முகமும் எனக்கு இல்லையென்றால், நான் எதைப் பார்த்துக்கொண்டு வாழ்வது? அழகான முகம் கேட்டேனா? உரிந்த தோலோடு, காயத்தோடு, எப்படியென்றாலும் அது வேண்டும் எனக்கு. ஆனால் அவர் தர மாட்டார். கண்ட அன்றே நான் அதைக் கெடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு காலையில், கடைக்குப் போகுமுன், கணினியின் மூடியைத் திறந்தேன். காக்கா அத்தனை செக் பொயின்ட் தாண்டிக் கொண்டுவந்த சோடி அது. ஒன்றைக் கழற்றினேன். யோசித்துவிட்டு மற்றதையும் கழற்றி, பழைய சின்னக் காட்டைப் போட்டேன். திரைக்குரிய பங்கை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கினேன். வேகத்தையும் இறக்கினேன். ஊரிலேயே கெட்டிக்காரி என்று பேரெடுத்தவள், பாடுபட்டு ஒரு கணினியை மெதுவாக்கிக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கு அணையாமல் எரியத் தொடங்கியது. எலி கொறிக்கிற சத்தம் வந்தது. அப்பாடா என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை அவரிடம், "ரேம் பழுதாகிப்போச்சு. படம் பழையபடி நிண்டு நிண்டுதான் வருது. உங்கட முகம் தெரிஞ்சாலும் மூக்கு எது வாய் எது எண்டு தெரியாது" என்றேன்.

"அச்சச்சோ" என்றார். அதில் இருந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. "எனக்கும் நீங்க வெட்டி வெட்டித்தான் தெரியுறீங்க. பரவாயில்ல, பரவாயில்ல, பழகின சாமான்தானே."

மகள் ஓடுவதை இனி முழுக்கக் காண முடியாது என்று தெரிந்துதான் அந்த மனிசன் சந்தோஷப்பட்டார். என் ஆசைக்காக அவர் கண்ணை நான் மறைத்தேன் என்று யாராவது சொன்னால், ஓம், மறைத்தேன். அடுத்த கிழமை அவருடைய கேமரா தானாகச் சுகமாகிவிட்டது.

அதற்குப் பிறகு யுத்தம் முடியும்வரை எங்கள் வெள்ளிக்கிழமைகள் அப்படித்தான் போயின. மங்கலில் அவர் தைரியமாக இருந்தார். முகத்தைக் கேமராவுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார், மகளுக்கு நாக்கை நீட்டிக் காட்டினார், பாடினார். நிற்கிற ஒவ்வொரு படத்தையும் நான் கண்ணால் துழாவினேன். அரிசியில் கல் பொறுக்குவது போல, அந்த மங்கலுக்குள் நான் அவரைப் பொறுக்கியெடுத்தேன். காயம் ஆறிய இடம் எது, புதிதாக நரைத்த மயிர் எது என்று கண்டுபிடிப்பேன். அவரிடம் மட்டும், "ஒண்டும் தெரியல்ல" என்பேன்.

யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்ன நாளில் ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் வீட்டில் யாரும் எழும்பி வெளியே போகவில்லை. அம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை அவர், தான் அனுப்பிய காசில் நாங்கள் வாங்கிய காணியில் வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டதுதானே, ஒரு மாத லீவில் வருகிறேன் என்றார். ஒரு மாதம்தான், பிறகு திரும்பப் போக வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

கொழும்பிலிருந்து வந்த ரயில் காலையில் மட்டக்களப்புக்கு வந்து நின்றது. நல்ல வெயில். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்துகொண்டாள். இறங்கிய கூட்டத்துக்குள் அவர் ஒரு பெரிய பையைத் தோளில் தூக்கி, அது முகத்தை மறைக்கும்படியாகவே நடந்து வந்தார். எங்களுக்கு முன்னால் வந்து நின்றும் பையை இறக்கவில்லை.

நான்தான் அதை வாங்கிக் கீழே வைத்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார், மகளுடைய காலைப் பார்த்தார். நான் வைத்த கண் எடுக்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன இப்பிடிப் பாக்கிறாய்? ஆக்கள் நிக்கிறாங்க" என்றார்.

"நிக்கட்டும்."

"கறுத்துப்போனன். வயசாளி மாதிரி ஆகிட்டன். வீட்ட போய்ப் பார்" என்று சொல்லி, கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். அவர் பார்க்க விட்டார்.